மஞ்சள் காமாலை: தேற்றியது யார்?

பழனி மலையடிவாரத்து வரப்புகளில் மழைக்குப் பின் தானாக முளைக்கும் களை கீழாநெல்லி. இலைகளுக்குக் கீழே வரிசையாகக் காய் பிடிப்பதால் இந்தப் பெயர். கண் மஞ்சளித்தால் இதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பதும், எண்ணெய்ப் பண்டம் விலக்கிப் பத்தியம் காப்பதும் தமிழ்நாடெங்கும் வழிவழியாக வந்த பழக்கம். குடித்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறியதால்தான் பழக்கம் நிலைத்தது. ஆனால் அந்தத் தேறுதலை அப்படியே பச்சிலையின் கணக்கில் எழுத முடியாது. குடிநீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலோரை விட்டு நீங்கிவிடும். நீக்குபவை நம் உடலின் எதிர்ப்பணுக்கள்.

அவற்றை அறிய மருத்துவத்துக்கே நெடுநாள் ஆயிற்று. 1876இல் குப்ஃபர் என்ற ஆய்வாளர் கல்லீரலில் நட்சத்திர வடிவ அணுக்களைக் கண்டார். வேண்டாதவற்றை விழுங்கும் காவல் அணுக்களும் அங்கே உண்டு என்று 1898இல் போலந்தின் பிரோவிச் தெளிவுபடுத்தினார். எதிர்ப்பணுக்களில் இன்னொரு வகையான டி அணுக்களின் பங்கு அதற்கும் வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. ஹெபடைடிஸ் பி தொற்றிய சிம்பன்சிகளின் உடலிலிருந்து கொல்லும் டி அணுக்களை நீக்கிப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. அந்த அணுக்கள் திரும்பும்வரை வைரஸ் குறையவில்லை. கல்லீரல் வீக்கமும் தள்ளிப்போயிற்று. ஆக, நோயாகத் தெரிவதும் குணமாவதும் ஒரே அணுக்களின் வேலை. பிறப்பின்போது தொற்று வாங்கும் குழந்தையிடம் இந்தத் தாக்குதல் சரிவர எழுவதில்லை. அதனால் காமாலை வராமலே பத்தில் ஒன்பது பேரிடம் வைரஸ் நிலைத்துவிடுகிறது; பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரக்கூடும்.

அப்படியானால், கீழாநெல்லிக்குப் பலன் உண்டு என்ற சென்னை ஆய்வை மறந்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பெற்ற புளூம்பர்க் உள்ளிட்டோர் 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: 30 நாள் கீழாநெல்லி உண்ட, நெடுநாள் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது, வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தானாகக் குணமானது என்று இதைத் தள்ள முடியாது. ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் வகையும் விளைந்த மண்ணும் வேறு என்பது ஏற்கத்தக்க விளக்கமே. என்றாலும், இடம் மாறினால் பலன் மாறும் மருந்தை நம்பி நெடுநாள் தொற்றை விட்டுவைக்கக் கூடாது. கண் மஞ்சளித்தால் எந்த வைரஸ் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள்.