பாரிஸ் வீடுகளின் மரத்தளம்: இழைப்பும் மெருகும்

பாரிஸின் பழைய அடுக்குமாடி வீடுகளில் காலுக்குக் கீழே கிடப்பது பெரும்பாலும் ஓக் பலகை. பிரெஞ்சில் பார்க்கே. தமிழர் ‘லாச்சப்பல்’ என்று அழைக்கும் வட்டாரத்தின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் பலவற்றிலும் இதுவே தரை. சிமெந்துத் தரையில் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகியவர்களுக்கு இதனோடு முதல் பிணக்கு அங்கேதான் தொடங்கும். பிணக்கும் புதிதல்ல: வெர்சாய் அரண்மனையில் பளிங்கைக் கழுவிய நீர் கசிந்து கீழிருந்த உத்தரங்கள் இற்றுப்போகவே, 1684இல் பளிங்கை எடுத்துவிட்டு மரத்தளம் போட்டார்கள்.

லா ஷாப்பெல் கிராமம் பாரிஸோடு இணைந்தது 1860இல். நகரை இடித்துக் கட்டிய ஓஸ்மான் ஆளுநராக இருந்த காலம் (1853–1870). அக்கால வீடுகளில் பலகைத் துண்டுகளை இரு விதமாக அடுக்கினர். முனையைச் செங்கோணமாக வெட்டி அடுத்த துண்டின் பக்கவாட்டில் முட்டவைப்பது ஒன்று. முனைகளைச் சரிவாக வெட்டி நேர்கோட்டில் கூட்டி, அம்புத்தலை வரிசையாக்குவது மற்றது.

புது மரத்தளத்தைச் சமன்செய்வது அன்று கைவேலை. குஸ்தாவ் கையெபோத் 1875இல் வரைந்த ஓவியத்தில், சட்டையில்லாத மூன்று தொழிலாளிகள் முழந்தாளிட்டுத் தளத்தைச் சுரண்டுகிறார்கள். சுருள்சுருளாக மரச்சீவல், ஓரமாக ஒரு மதுப் போத்தல். அவ்வாண்டின் அரசு சார்ந்த ஓவியக் காட்சி அதை நிராகரித்தது. அடுத்த ஆண்டு இம்ப்ரெஷனிஸ்டுகளோடு காட்சிக்கு வந்த அப்படம் இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று வாடகைக்கு எடுக்கும் உருளை இயந்திரம் அதே வேலையைச் செய்கிறது. இயந்திரத்தைத் தொடுமுன் பார்க்க வேண்டியது பலகையின் தடிப்பு. பழைய முழுமரப் பலகை பெரும்பாலும் 23 மி.மீ. தடிப்பானது என்றாலும், தேய்க்கக்கூடியது பலகைகளைப் பூட்டும் நாக்குக்கு மேலுள்ள பகுதி மட்டுமே. ஒவ்வொரு இழைப்பும் அந்தக் கையிருப்பில் செலவு. ஒட்டுப்பலகையில் மேல் ஓக் ஏடு 2.5 மி.மீ.தான் இருக்கலாம். மெருகு மங்கியதற்காக மட்டும் இயந்திரம் எடுப்பது வீண். மெல்லிய தேய்ப்பும் ஒரு மேற்பூச்சும் போதும்.

ஆணித்தலைகளை முதலில் உள்ளே தட்டிவிட வேண்டும். இல்லையேல் உப்புத்தாள் கிழியும், பொறியும் பறக்கும். 24 முதல் 40 எண்ணுள்ள முரட்டுத் தாளில் தொடங்கி, 60–80 வழியாக 100–120இல் முடிப்பது வழக்கம். குறுக்கும் நெடுக்குமான அடுக்கில் எல்லாத் துண்டுகளின் ரேகையையும் ஒருசேரப் பின்பற்ற முடியாது. ஆகவே இரண்டுக்கும் சாய்வாகவே இயந்திரம் ஓடும். உருளை தரையில் படும்போது நின்றால் பள்ளம் விழும். ஓரங்களுக்குச் சிறு இயந்திரம், மூலைக்குக் கைச்சுரண்டி. விரிசலை நிரப்ப, கடைசித் தேய்ப்பில் கிடைத்த தூளைப் பிணைப்புத் திரவத்தில் குழைத்தால் நிறம் ஒத்துப்போகும்.

ஓக்கிலுள்ள டானினோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருங்கறை. இரும்பு நாரால் தேய்த்த தளத்தில் நீர்சார் வார்னிஷ் பூசினால் புள்ளிபுள்ளியாகக் கறுப்பது இதனால்தான். ஆணியோரக் கறையை ஆக்சாலிக் அமிலம் போக்கும். பழைய மெழுகு மிச்சமிருந்தால் வார்னிஷ் பிடிக்காது.

வார்னிஷ் உறுதியானது; ஆனால் ஓரிடம் உரிந்தால் அங்கு மட்டும் ஒட்டுப்போடுவது தெரிந்துவிடும். எண்ணெய் மரத்துள் இறங்குவது. கறைபட்ட இடத்தை மட்டும் தேய்த்துப் பூசலாம். அடுக்களை ஓயாத வீட்டுக்கு எண்ணெயே தோது. ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானே தீப்பற்றும்.

மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் புற்றுநோய் உண்டாக்குவது என வகைப்படுத்தியது. முகக்கவசமும் தூசுறிஞ்சியும் அவசியம். 1949க்கு முந்திய வீட்டில் ஈயப் பெயின்ட் இருக்கலாம். 1997க்கு முன் ஒட்டிய பிளாஸ்டிக் ஓடுகளின் கரும்பசையில் கல்நார் இருக்கலாம். இவ்விரண்டையும் பரிசோதிக்காமல் தேய்க்கவே கூடாது.

வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு எதுவென 1987 ஆகஸ்ட் 26 ஆணை சொல்கிறது: மெழுகிடுதல், வார்னிஷின் அன்றாடப் பராமரிப்பு, கறை, ஓட்டை விழுந்தால் சில பலகைகளை மாற்றுதல். வயதால் வந்த தேய்வு வீட்டுக்காரர் கணக்கு. எனவே தளம் முழுவதையும் இழைக்கும் முன் அவரது சம்மதத்தை எழுத்தில் வாங்குவார்கள்.