இடியன் துவக்கும் என்பீல்ட் துவக்கும்

"துவக்கு" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட சனத்தில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல் எமது மொழிக்குள் வந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. கடைசி முப்பது வருடத்தை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மிச்சத்தை நாங்கள் மறந்துவிட்டோம். ஏ.எல். வரை படித்துவிட்டு ரெக்ஸ்டேலில் பக்டறி ஒன்றில் லேத் மெசினில் நிற்கிற நான் சரித்திரம் எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். பரவாயில்லை. நான் எழுதப்போவது கையால் கழற்றிப் பூட்டிப் பார்த்த ஒரு பழைய துவக்கைப் பற்றியும், அது நினைவூட்டிய இன்னொரு துவக்கைப் பற்றியும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துப்பாக்கி, துவக்கு இரண்டுமே துருக்கிச் சொல்லிலிருந்து வந்தவை என்று அறிஞர்கள் சொல்வார்கள். சிங்களத்திலும் துவக்குவதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொண்டுவந்த துவக்கைப் பார்த்துப் பயந்ததோடு எமது தீவின் கொல்லர்கள் நிற்கவில்லை. பார்த்துப் பழகித் தாங்களே செய்தார்கள். ஐரோப்பியத் துவக்கில் பொறி வலப்பக்கம் இருக்கும், இவர்கள் செய்ததில் இடப்பக்கம். பிடியைச் சங்குபோலச் சுருட்டிச் செதுக்கி, வெள்ளி பதித்தும் வைத்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்துக் கொண்டுபோன பீரங்கியை நெதர்லாந்து 2023இல் திருப்பிக் கொடுத்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அதோடு திரும்பி வந்த பொருட்களில் "மகா துவக்கு" என்ற பெரிய சுவர்த் துவக்குகள் இரண்டும் இருந்தன.

மருந்தும் வெளியிலிருந்து வந்ததல்ல. வெள்ளைக்கார இராணுவ வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட இலங்கை பற்றிய புத்தகத்தில், கண்டி நாட்டுக் குகைகளில் மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்ததை எழுதியிருக்கிறார். வெடியுப்பு முக்கால் பங்கு, மிச்சத்துக்குக் கரியும் கந்தகமும். கறுப்பு மருந்து என்பது இவ்வளவுதான்.

துவக்கு அரசனிடம் மட்டும் இருந்ததும் இல்லை. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் போட்ட புதிய வரிகளில் ஒன்று துவக்கு வரி, வருடத்துக்கு இரண்டரைச் சிலிங். நாய்க்கும் கடைக்கும் வண்டிலுக்கும்கூட வரி வந்தது. மாத்தளைக் கலகம் அதில்தான் வெடித்தது. வரி போட்டு வருமானம் எடுக்கிற அளவுக்கு ஊர்ச்சனத்திடம் துவக்கு இருந்திருக்கிறது என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

வன்னியிலும் அப்படித்தான். அங்கே அதற்குப் பெயர் இடியன். குழலின் வாய்க்குள் மருந்தைப் போட்டு, மேலே தும்பு வைத்து, கம்பியால் இடித்து, பிறகு ஈயச் சன்னம் போட்டு, அதுக்கு மேலும் தும்பு வைத்து இடிக்க வேண்டும். இடிப்பதால் இடியன். எனது அப்பப்பாவிடம் ஒன்று இருந்தது. வயலில் பன்றி இறங்கும் காலத்தில் பரணில் அதை வைத்துக்கொண்டு விடிய விடிய இருப்பார். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்குள் ஒரு சுருட்டுப் பத்தலாம் என்று பகிடி விடுவார். மண்வெட்டி, கத்தியோடு அதுவும் ஒரு ஆயுதம், அவ்வளவுதான். சண்டை தொடங்கிய பிறகு அதை வைத்திருக்கிறதே உயிருக்கு ஆபத்து என்றாகிவிட்டது. ஒரு இரவு கொண்டுபோய்ப் பாழ்கிணற்றுக்குள் போட்டார் என்று அப்பா சொல்லுவார். அதன் பிறகு எங்கள் வீட்டில் துவக்கு என்றால் வேறு துவக்குத்தான்.

அதனால்தான் எனது வேலைத்தலத்து வெள்ளைக்காரக் கிழவர், தான் பண்ணை ஏலமொன்றில் எடுத்த பழைய துவக்குக்கு ஒரு சின்னத் திருகாணி கடைந்து தருவாயா என்று கேட்டபோது நான் முதலில் வாய் திறக்கவில்லை. ஆனால் வாயால் மருந்து போடும் துவக்கு என்றதும் போய்ப் பார்த்தேன். பொறித்தகட்டில் முடியும், டவர் என்ற சொல்லும், 1862 என்ற வருடமும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட். குழல் மட்டும் 39 அங்குலம், துளை .577 அங்குலம். இடியனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருந்தது.

திருத்துகிறது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வேலை, உள்ளே பழைய வெடி கிடக்குதோ என்று பார்ப்பது. கம்பியை உள்ளே விட்டு எவ்வளவு இறங்குகிறது என்று குறி வைத்து, வெளியே குழலோடு அளந்து பார்க்க வேண்டும். குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. நூறு வருடமாகச் சுவரில் தொங்கிய துவக்கிலும் மருந்து உயிரோடு இருக்கும். கேப் வைக்கிற முலை துருப்பிடித்து இறுகியிருந்தது. முறுக்கினால் உடையும் என்று எண்ணெய் விட்டு விட்டு ஒரு கிழமை காத்திருந்தோம். வெளித்துருவுக்கு எண்ணெயும் மெல்லிய ஸ்டீல் வூலும் போதும். மினுக்கக் கூடாது. உப்புத்தாள் போட்டால் முத்திரைகள் போய்விடும், முத்திரை போனால் சரித்திரமும் போச்சு. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், விரலால் தேய்த்து, பல தரம்.

இந்த மாதிரித் துவக்குத்தான் 1857இல் இந்தியாவைக் குலுக்கியது. மருந்தும் குண்டும் ஒரு கடதாசித் தோட்டாவுக்குள் இருக்கும். அதன் நுனியைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதில் பூசியது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற கதை டம்டம் பயிற்சி முகாமிலிருந்து பரவியது. மார்ச் 29இல் பராக்பூரில் மங்கள் பாண்டே. மே மாதம் மீரட்டில், தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்களுக்கு விலங்கு போட்டதற்கு அடுத்த நாள் படை எழும்பியது. நாங்கள் இப்போது குண்டுக்குப் பூசுவது தேன்மெழுகும் ஒலிவ் எண்ணெயும். நல்லெண்ணெயும் சரிவரும் என்று நான் சொல்ல, கிழவர் அடுத்த முறை ஒரு போத்தல் கொண்டுவா என்றார்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது மருந்துக் கதை. பிரித்தானியாவின் வெடியுப்பில் பெரும் பங்கு பீகாரிலிருந்து போனது. நோனியா என்ற சாதியினர் மாட்டுக்கொட்டிலடியிலும் பழைய மண்சுவரடியிலும் வெள்ளையாகப் பூக்கிற மண்ணைச் சுரண்டிக் காய்ச்சி எடுத்ததுதான் அது. 1757 பிளாசிச் சண்டைக்குப் பிறகு அது கிட்டத்தட்ட முழுவதுமாகக் கும்பெனியின் கையில். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்தில் பிரித்தானியா வெடியுப்பு ஏற்றுமதியை நிறுத்தி வட அமெரிக்க அரசை நெருக்கவும் முடிந்தது. ஏழை எளியதுகள் சுரண்டிய மண், பிறகு அவர்களையே சுடுகிற மருந்து. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த என்பீல்ட் இந்த ஊருக்கும் வந்தது. 1866 யூன் 2இல் எல்லை தாண்டி வந்த அயர்லாந்துக்காரப் பீனியன்களை நயாகராப் பக்கத்து ரிட்ஜ்வேயில் மறிக்கப் போன ரொறன்ரோத் தொண்டர் படையில் பெரும்பாலானோர் கையில் இருந்தது இதுதான். பலர் அதற்கு முன் உண்மைக் குண்டு வைத்துச் சுட்டே பார்க்காதவர்கள். செத்தவர்களில் மூன்று பேர் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் 1870இல் எழுந்தது, இன்றும் குவீன்ஸ் பார்க் பக்கத்தில் நிற்கிறது. படிக்கிற பெடியளின் கையில் துவக்கைக் கொடுத்து அனுப்பிய கதை எங்களுக்கு மட்டும் உரியதென்று நான் நினைத்திருந்த காலத்தில் அதன் முன்னால் எத்தனையோ தரம் நடந்து போயிருக்கிறேன்.

வீட்டில் மனைவிக்கு இதெல்லாம் பிடிப்பில்லை. "தப்பி வந்ததே அதுக்குப் பயந்துதானே, பிறகேன் தேடிப் போறியள்?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில், அப்பப்பாவின் துவக்கைத்தான் தேடிப் போகிறேன் என்பது. துவக்கு கிழவர் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, எங்கள் அபார்ட்மெண்டுக்கு அது வந்ததில்லை, வரவும் மாட்டாது.

சுடுவது கிளப் ஒன்றின் வெடித்திடலில், கிழவர் பக்கத்தில் நிற்க. 60 கிரெய்ன் மருந்து, ஏறக்குறைய 4 கிராம். குண்டின் அடி குடைந்திருக்கும். வெடிக்கும்போது அந்த அடி விரிந்து குழலின் சுழல்வரியைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இலகுவாக இறங்கிய குண்டு நேராகப் போகிறது. இடியனில் வரி இல்லை, வித்தியாசம் அதுதான். முதல் வெடியில் வெள்ளைப் புகை எழும்பி இலக்கை மறைத்தது. மணம் அவித்த முட்டை மாதிரி. இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தை இதற்குள் ஒருபோதும் போடக் கூடாது, குழல் பிளந்து கையோடு போய்விடும். முடிந்ததும் அன்றைக்கே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவ வேண்டும். கரி ஈரத்தை இழுத்து இரவோடு இரவாகத் துருப்பிடிக்க வைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1898க்கு முன் செய்த வாய்வழித் துவக்கைக் கனடாச் சட்டம் பழம்பொருள் என்று கொள்கிறது, வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பின்னர் செய்த கேப் வகை நகல்களுக்குத் தேவை. கவனயீனமாக வைத்தாலோ பாவித்தாலோ பழசும் குற்றம்தான். ஒன்றும் வாங்காமல் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் போர்ட் யோர்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். 1813 ஏப்ரல் 27இல், பின்வாங்கிய பிரித்தானியர் மருந்துக் களஞ்சியத்தைக் கொளுத்தி அமெரிக்கத் தளபதி பைக்கையும் பலரையும் கொன்ற இடம் அது.

இடியனின் உறுப்புகளுக்கு எங்கட ஊர்க் கொல்லர்கள் வைத்திருந்த பெயர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. குதிரை, முலை, குழல் என்பவை மட்டும் என் ஞாபகத்தில் நிற்கின்றன. முல்லைத்தீவு, வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்து வயது போனவர்கள் யாரேனும் இடியனோ கட்டுத்துவக்கோ கையாண்டிருந்தால், அந்தச் சொற்களைச் சங்கத்தின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். எழுதக் கையேலாதென்றால் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள், நானே கொப்பியோடு வருகிறேன்.