இரண்டாம் யோவான் பவுல், திருத்தந்தை
(1920–2005). போலந்தில் பிறந்தவர், 1978 முதல் இறக்கும்வரை கத்தோலிக்கத் திருச்சபையை வழிநடத்தினார். 1986 பிப்ரவரியில் திருவனந்தபுரம் வந்தார். 1996 ஜூன் 14 அன்று திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தைப் பிரித்து நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தை நிறுவினார். வின்சென்ட் சாமுவேல் முதல் ஆயரானார். கடலோரப் பங்குகள் பழைய மறைமாவட்டத்திலேயே தொடர, காட்டாக்கடை, பாறசாலை வட்டார உள்நாட்டுப் பங்குகளுக்கு அருகிலேயே ஓர் ஆயர் கிடைத்தார். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லை நிலத்துக்குத் திருத்தந்தை விட்டுச்சென்றவற்றுள் இதுவே பெரிது.

பார்க்கின்சன் நோயால் நெடுங்காலம் தளர்ந்தும் பணி துறக்காத அவர், தாமே 2000இல் ஏற்படுத்திய இறை இரக்க ஞாயிறின் முந்தின இரவில், 2005 ஏப்ரல் 2 அன்று, 84 வயதில் மறைந்தார். 2014 ஏப்ரல் 27இல் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தார். திருவிழா: அக்டோபர் 22.