நசுக்கிய எறும்பின் வாசம்

இந்த நேரலையில் பேச அழைத்தபோது, தலைப்பை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். "ஆஸ்திரேலிய ஒயினைச் சுவைத்துச் சொன்னவர்களின் வரலாறு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்க நர்ஸ்தானே சிஸ்டர்?" என்று கேட்டார்கள். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "உனக்கு வேற பேச்சே கிடைக்கலயா?" என்றாள். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். திருவிருந்துக் கிண்ணத்தில்கூட உலர்திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்த சாறுதான் இருக்கும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாக்கிலோ உடம்பிலோ உணர்ந்ததை அடுத்தவர் நம்பும்படி சொல்வது எவ்வளவு கடினம், சொல் கிடைக்காவிட்டால் என்ன இழப்பு என்பதுதான் இன்று என் பேச்சு. அதற்கு இந்த நாட்டின் ஒயின் வரலாறு நல்ல சான்று.

ஒயினுக்குப் போகும் முன் ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சிட்னிக்கு வந்த இரண்டாவது ஆண்டு. ஊரில் டிப்ளமோ படித்துப் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இங்கே பதிவு பெற்று ஒரு முதியோர் வார்டில் சேர்ந்திருந்தேன். பேரனைப் பார்க்க வந்த எண்பது வயது ஆச்சி ஒருவர், வீட்டில் விழுந்து அடிபட்டு எங்கள் வார்டில் இருந்தார். தமிழ் தெரிந்தவள் என்று என்னைத்தான் அனுப்புவார்கள்.

"முதுகு காந்துது தாயி. துணி பட்டாலே உசிரு போவுது" என்றார்.

"ஆச்சி, பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. "நீயே ஒண்ணப் போடு தாயி."

நாலு போட்டேன். 'முதுகு வலி, பத்துக்கு நாலு' என்று குறிப்பில் எழுதினேன். விழுந்தவருக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் பாரசிட்டமால் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆச்சி கூச்சத்தில் யாரையும் முதுகு துடைக்க விடவில்லை. சில நாள் கழித்து ஒருவழியாகச் சட்டையை விலக்கிப் பார்த்தபோது, ஒரு பக்க விலாவை ஒட்டிப் பட்டையாகக் கொப்புளங்கள். அக்கி. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். நாங்கள் பார்த்தபோது அவை பழுத்திருந்தன. ஊருக்குத் திரும்பியும் மாதக்கணக்கில் அந்தக் காந்தல் விடவில்லை என்று பேரன் பின்னால் சொன்னார்.

ஆச்சி முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டார். காந்துகிறது, துணி பட்டால் தாங்கவில்லை என்ற இரண்டையும் அப்படியே எழுதியிருந்தால், அன்றே யாராவது தோலைப் பார்த்திருப்பார்கள். நான் அந்த இரண்டையும் 'வலி' என்ற ஒரே சொல்லில் கரைத்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

சில ஆண்டுகள் கழித்து, உடன் வேலை பார்க்கும் தோழிகள் சிட்னிக்கு வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பும்போது நான் கார் ஓட்டுவதாக ஒப்பந்தம். அங்கே முதல் ஆச்சரியம், சுவைக்கத் தெரிந்தவர்கள் விழுங்குவதில்லை. கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கிறார்கள், சுழற்றி மோந்து பார்க்கிறார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்புகிறார்கள். பிறகு எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியக் கண்காட்சிகளில் நெடுங்காலம் 20 மார்க் முறை இருந்தது என்று அங்கே சொன்னார்கள். நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாய்ச்சுவைக்கு 10. மொத்தம் 18.5 எடுத்தால் தங்கப் பதக்கம். எனக்கு என் வார்டுக் குறிப்பேடுதான் நினைவுக்கு வந்தது. அங்கிருந்துதான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1788இல் முதல் கப்பல் கூட்டத்தோடு வந்த ஆளுநர் ஆர்தர் ஃபிலிப், வழியில் ரியோ டி ஜெனிரோவிலும் நன்னம்பிக்கை முனையிலும் திராட்சைக் கொடிகளை வாங்கி வந்தார். அவற்றை நட்ட ஃபார்ம் கோவ் இன்று சிட்னியின் தாவரவியல் பூங்கா இருக்கும் இடம். அங்கே அவை சரியாக வரவில்லை. ஒயின் தொழிலை நிலைநிறுத்தியவர்களில் பலர் மருத்துவர்கள். கடற்படை மருத்துவராக இருந்த ஹென்றி லிண்டெமன் 1843இல் ஹண்டர் பகுதியில் கவாரா தோட்டத்தை நட்டார். கிறிஸ்டோபர் ராசன் பென்ஃபோல்ட் 1844இல் அடிலெய்டுக்கு அருகே மகில் என்ற இடத்தில் நட்டார். அக்காலத்தில் ஒயின் நோயாளிக்குத் தெம்பூட்டும் மருந்து. மருத்துவர் வீட்டுத் தோட்டத்தில் திராட்சை இருப்பது இயல்பான காரியம்.

ஆனால் டாக்டர் நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டால் மகிலில் ஒயினைக் கவனித்தவர் அவர் மனைவி மேரி பென்ஃபோல்ட். 1870இல் கணவர் இறந்த பிறகும் அவரே நடத்தினார். 1874இல் வந்து பார்த்த ஒரு பத்திரிகையாளர், பல பீப்பாய் ஒயின்களைக் கலக்கும் வேலை அங்கே எந்த எழுதப்பட்ட விதியின்படியும் நடப்பதில்லை, திருமதி பென்ஃபோல்டின் நாக்கும் தீர்ப்பும்தான் விதி என்ற பொருளில் எழுதினார். நம் வீடுகளில் மீன் குழம்புக்குப் புளி கரைப்பதுபோலத்தான். அந்த அம்மாவின் நாக்கு என்ன அறிந்ததோ, அதை அவர் சொற்களில் நாம் படிக்க முடிவதில்லை.

மேரியும் கணவரும் வாழ்ந்த சிறு வீட்டின் பெயர் கிரேஞ்ச். அந்தப் பெயரில்தான் நூறு ஆண்டு கழித்து என் கதை நடக்கிறது.

மாக்ஸ் ஷூபர்ட் 1931இல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தலைமை ஒயின் தயாரிப்பாளராக உயர்ந்தவர். 1950இல் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஷெர்ரி செய்யும் முறையைப் பார்த்து வருவதுதான் வேலை. அன்று ஆஸ்திரேலியர்கள் பெரும்பாலும் குடித்தது ஷெர்ரி, போர்ட் போன்ற சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்களைத்தான். வழியில் அவர் பிரான்சின் போர்டோ நகருக்கும் போனார். கிறிஸ்தியான் குரூஸ் என்ற ஒயின் வணிகர் அவருக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய சிவப்பு ஒயின்களைத் திறந்து சுவைக்கக் கொடுத்தார். அவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் ஒயினை நம் நாட்டிலும் செய்யலாம் என்று ஷூபர்ட் நினைத்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தும் காபர்னே திராட்சை இங்கே குறைவு. அதனால் எங்கும் விளைந்த ஷிராஸ் திராட்சையை எடுத்தார். பிரெஞ்சு ஓக்குக்குப் பதில் புதிய அமெரிக்க ஓக் பீப்பாய். 1951இல் முதல் சோதனை. வருடா வருடம் செய்து பாட்டிலில் அடைத்து வைத்தார். பணம் முடங்குகிறதே என்று நிர்வாகத்துக்குக் கவலை. 1957ஆம் ஆண்டு அறுவடைக்கு முன், அதுவரை செய்த ஒயின்களைச் சிட்னிக்குக் கொண்டுவரச் சொல்லி, நகரத்தில் ஒயின் அறிந்த பெரிய மனிதர்களை வரவழைத்துச் சுவைக்கக் கொடுத்தார்கள்.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். ஒருவர் அதை நல்ல உலர் போர்ட் என்றார், ஆனால் புத்தியுள்ளவன் வாங்கமாட்டான் என்றார். இன்னொருவர் காட்டுப் பழங்களைக் கலந்து, அதில் நசுக்கிய எறும்பின் வாசம் தூக்கலாக இருக்கிறது என்றார். ஷூபர்ட் இருபதாண்டுகளுக்குப் பின், 1979இல் கான்பெராவில் பேசியபோது இவற்றை ஒன்றுவிடாமல் நினைவுகூர்ந்தார். உற்பத்தியை நிறுத்தச் சொல்லி எழுத்துமூலம் உத்தரவு வந்தது.

அவர் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டும் ரகசியமாகச் செய்தார். புதிய பீப்பாய் வாங்கினால் கணக்கில் தெரிந்துவிடும் என்பதால் பழைய பீப்பாய்களில் வைத்தார். அதற்குள் முதல் பாட்டில்கள் முதிர்ந்து மாறியிருந்தன. சுவைத்தவர்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். 1960 அறுவடைக்கு முன் அதே நிர்வாகம் மீண்டும் தொடங்கச் சொன்னது. 1955ஆம் ஆண்டு ஒயின் 1962இல் சிட்னி கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. விற்க முடியாது என்ற அந்த முதல் 1951 பாட்டில் ஒன்று ஏலத்தில் லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது.

நான் இங்கே நின்று யோசிப்பது விலையைப் பற்றி இல்லை. 1957இல் சுவைத்தவர்கள் முட்டாள்கள் கிடையாது. எறும்பு என்றவரின் மூக்கு நல்ல மூக்கு. எறும்பை நசுக்கினால் வரும் நெடி ஓர் அமிலத்தின் நெடி. கிரேஞ்சில் ஆவியாகும் அமிலம் சற்று அதிகம் என்பதை அதை விரும்புகிறவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். போர்ட் என்றவரும் அதன் கனத்தைச் சரியாகவே உணர்ந்தார். அவர்களிடம் இருந்தது போர்டுக்கான சொல், மெல்லிய சிவப்பு ஒயினுக்கான சொல். இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று வந்தபோது, இருந்த சொல்லுக்குள் அதைத் திணித்துத் தீர்ப்பு எழுதினார்கள். ஆச்சியின் காந்தலுக்கு நான் நாலு போட்டதும் இதேதான்.

காலமும் ஒரு காரணம். ஹண்டர் பள்ளத்தாக்கின் வெள்ளை ஒயினான செமிலானைப் புதிதில் சுவைத்தால் எலுமிச்சைத் தண்ணீர்போல மெலிந்து, புளித்து இருக்கும். பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் வாட்டிய ரொட்டியும் தேனும் மணக்கும். பீப்பாயே படாத ஒயினில் அந்த மணம் வருவது இன்றும் வியப்பு. மெல்பர்னில் கார்ல்டன் லைகன் தெருவில் ஒயின் கடை வைத்திருந்த ஜிம்மி வாட்சன் பெயரில், 1962இல் மெல்பர்ன் கண்காட்சி ஒரு கோப்பை தொடங்கியது. அது அப்போது ஒரே வயதான சிவப்பு ஒயினுக்கான பரிசாக இருந்தது. பச்சைப் பிள்ளையைப் பார்த்து எதிர்காலத்தைச் சொல்வதா என்ற சண்டை பல ஆண்டு நடந்தது.

சொல் இல்லாத குறையை இரண்டு துறையும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் தீர்க்கப் பார்த்தன. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், காலை இழந்த ஒரு மூதாட்டி தன் வலியைச் சொன்ன சொற்களைக் குறித்துவைக்கத் தொடங்கி, 1975இல் மெக்கில் வலி வினாப்பட்டியலை வெளியிட்டார். அதில் 78 சொற்கள், 20 பிரிவுகள். 1984இல் கலிஃபோர்னியாவின் ஆன் நோபிள் ஒயின் மணச் சக்கரத்தை வெளியிட்டார். பழம், பூ, மரம், மண் என்று வட்டத்துக்குள் வட்டமாகச் சொற்கள். நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதே, எந்தப் பழம் என்று சொல் என்பதுதான் அதன் நோக்கம்.

எல்லாச் சொற்களும் இருந்தாலும் ஒரு எல்லை உண்டு. ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை 2008இல் அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் கண்டது. நம் குருமிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது. சுமார் ஐந்து பேரில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை. ஒரே கோப்பையை மோந்து ஒருவர் மிளகு என்பார், பக்கத்தில் இருப்பவர் இல்லை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. வார்டில் "அவ்வளவு வலி இருக்காது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. சிவப்பு ஒயினில் நாக்கையும் ஈறையும் பிடித்து இழுக்கும் டானின் பற்றி வெள்ளைக்காரத் தோழிகள் உலர்வு, பிடிப்பு என்று சுற்றி வளைத்துப் பேசினார்கள். எனக்கு ஒரே சொல் போதும். துவர்ப்பு. வாழைப்பூ, நாவல்பழம், மாதுளைத் தோல். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். புறநானூற்றில் நக்கீரர், யவனர் கலத்தில் கொண்டுவந்த ஒயினைப் பாடும்போது அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் சொல்லத் தவறவில்லை. வலிக்கும் அப்படித்தான். குத்துது, கடுக்குது, உளையுது, இழுக்குது, காந்துது, விண்விண்ணுன்னு தெறிக்குது. இத்தனையும் வைத்துக்கொண்டு நான் பத்துக்கு நாலு என்று எழுதினேன்.

யோவான் சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் கானா ஊர்க் கல்யாணம் வருகிறது. அங்கே ரசத்தை ருசி பார்க்கிறவர் பந்திவிசாரிப்புக்காரர். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரியும். இன்று பெயரை மறைத்துச் சுவைப்பது என்கிறோமே, அதுதான். அவர் யாருடையது என்று கேட்கவில்லை, ருசித்தார், கண்டதைச் சொன்னார். சிறுவயதிலிருந்து கேட்ட பகுதி. வேலைக்காரர்களைப் பற்றி அதில் ஒரு வரி இருப்பதை இந்த வயதில்தான் கவனித்தேன். உண்மை முதலில் தெரிந்தது மொண்டு ஊற்றிய கைகளுக்கு.

இப்போது தமிழ் பேசும் நோயாளி வந்தால், அவர் சொன்ன சொல்லை ஒலி மாறாமல் எழுதி, பக்கத்தில் விளக்கமும் எழுதுகிறேன். 'காந்துது: நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல், துணி பட்டால் கூடுகிறது.' மார்க்கும் போடுகிறேன், அது கடைசியில். வார்டு மருத்துவர்களில் இரண்டு பேருக்கு இப்போது காந்துது என்றால் என்னவென்று தெரியும். புதிதாக வரும் இளம் நர்ஸ்களிடமும் இதையே சொல்கிறேன்: எத்தனை என்று கேட்கும் முன் எப்படி என்று கேளுங்கள்.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். இன்று நான் குடித்தது தண்ணீர்தான் அம்மா.