மாசற்ற துப்பறிவாளர் மறைந்த கதை

தென்கொரியாவின் குற்றப் புலனாய்வுத் தொடர்களைப் பார்ப்பவர்கள் அவற்றின் நீதியாகப் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: தப்பு செய்தவன் என்றைக்காவது அகப்படுவான். இந்த நீதிக்காக யாரும் பதினாறு அத்தியாயம் கண்விழிக்க வேண்டியதில்லை. எந்த ஊர்ப் பாட்டியின் கதையிலும் அது கிடைக்கும். அந்தத் தொடர்களின் அரை நூற்றாண்டு வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. தொடக்கத்தில் விசாரிக்கிறவர் மாசற்றவராக இருந்தார். பிறகு அந்த மாசின்மை மெல்ல மெல்லக் கரைந்தது. இன்றைய சிறந்த தொடர்களில் கேள்வி கேட்கிறவரும் கேள்விக்குள்ளாகிறார். எழுத்தாளர்களை அந்த இடத்துக்குத் தள்ளியவை நாட்டில் நடந்த சம்பவங்கள். அதைப் பார்வையாளர் நம்பும்படி செய்தவர்கள் நடிகர்கள்.

எம்.பி.சி. நிலையம் 1971இல் ‘சூசா பான்ஜாங்’ என்ற தொடரைத் தொடங்கியது. புலனாய்வுக் குழுத் தலைவர் ஒருவரும் அவருடைய உதவியாளர்களும் உண்மை வழக்குகளைத் தழுவிய கதைகளில் துப்புத் துலக்குவார்கள். நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர 1989 வரை அது ஓடியது, 880 அத்தியாயங்கள். தலைவர் பார்க்காக நடித்த சோய் புல்-ஆம், தொடங்கும்போது முப்பதை ஒட்டிய வயதினர். ஆனால் தளர்ந்த தோள்களையும் நிதானமான பேச்சையும் வரவழைத்துக்கொண்டு ஊருக்கே தகப்பனாகிவிட்டார். பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து தோற்றவர்கள். அவர்களைப் பார்க்கும் அவர் கண்ணில் கோபத்தைவிட வருத்தமே மிகுதி. அந்த இரக்கம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். வேகமாகத் தொழில்மயமான ஒரு நாட்டில் பின்தங்கியவர்களின் முகத்தைத் தொலைக்காட்சி காட்டியதே பெரிய காரியம். ஆனால் அந்த இரக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அவர் திரையில் புகைக்கும்போதெல்லாம் ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயும் சேர்ந்து புகைக்கிறார், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஜனாதிபதியின் மனைவி கேட்டுக்கொண்டதாகச் சோய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு சர்வாதிகாரி வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கக்கூடிய அறம் அது. குற்றம் எப்போதும் கீழே இருந்தது. மேலே இருந்த அரசு அதற்காக வருந்தியது.

திரைக்கு வெளியே நிலைமை வேறு. 1987 ஜனவரியில் சோல் தேசியப் பல்கலைக்கழக மாணவர் பார்க் ஜோங்-சோல், போலீஸ் விசாரணையில் நீரில் முக்கிச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். மேசையை ஓங்கித் தட்டியதும் சாய்ந்துவிட்டார் என்று போலீஸ் அறிவித்தது. அந்தப் பொய் வெளிப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு, ஜூன் மாதப் போராட்டமாக வளர்ந்து நேரடி ஜனாதிபதித் தேர்தலைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டிலும் சோய் புல்-ஆம் திரையில் கைதிகளிடம் கனிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்தக் கனிவைப் பழைய மாதிரி யாரால் நம்ப முடியும்?

அரசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் துணிவு 1995 ஜனவரியில் வந்தது. சோங் ஜி-நா எழுதி, கிம் ஜோங்-ஹாக் இயக்கிய ‘மணற்கடிகாரம்’, 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றதைத் தொலைக்காட்சி நாடகத்துக்குள் கொண்டுவந்தது. அன்று எஸ்.பி.எஸ். நிலையத்தின் ஒளிபரப்பு தலைநகர்ப் பகுதியைத் தாண்டவில்லை. ஆனாலும் தொடரின் உச்சப் பார்வையாளர் அளவீடு 64 சதவீதத்தைக் கடந்தது. ஒருவன் ரவுடியாகவும் மற்றவன் அரசு வழக்கறிஞனாகவும் வளர்ந்த இரண்டு நண்பர்களின் கதை அது. முடிவில் நண்பனுக்கு மரண தண்டனை கேட்கிறவனே அந்த வழக்கறிஞன்தான். தூக்குமேடைக்குப் போகுமுன், தான் நடுங்குகிறேனா என்று ரவுடியாக நடித்த சோய் மின்-சூ நண்பனிடம் கேட்கும் காட்சியைக் கொரியர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். வீரம் காட்டியே பழகிய உடம்பில் அந்த நொடியில் குழந்தையின் அச்சம் தெரிகிறது. சட்டப்படி சரியாக நடந்தவனின் கையிலும் ரத்தம் ஒட்டியிருக்கிறது என்பதை எந்த வசனமும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது. அதே ஆண்டின் இறுதியில், 1980இல் ராணுவத்தின் தலைமையில் இருந்த முன்னாள் ஜனாதிபதிகள் சுன் டூ-ஹ்வானும் ரோ டே-வூவும் கைதானார்கள். தொடர்தான் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது என்று சொல்வது மிகை. ஆனால் அதுவரை பலர் தாழ்ந்த குரலில் பேசிய ஒன்றை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடிப் பார்த்திருந்தார்கள்.

இந்த வரலாற்றில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் ஹ்வாசோங். 1986 முதல் 1991 வரை அந்தப் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். எட்டாவது கொலைக்காக 1989இல் ஓர் இளைஞரைப் போலீஸ் பிடித்தது. தூங்கவிடாமல் வதைத்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது. தலைவர் பார்க் திரையிலிருந்து விடைபெற்றதும் அதே ஆண்டில்தான். அந்த இளைஞர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையில் கழித்தார். கடைசிக் கொலைக்கும் வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு 2006இல் முடிந்துபோனது. 2015இல்தான் கொரிய நாடாளுமன்றம் கொலை வழக்குகளுக்கு அந்த வரம்பை நீக்கியது. அந்தச் சூட்டிலேயே 2016 ஜனவரியில் டி.வி.என். நிலையத்தில் கிம் யுன்-ஹீ எழுதிய ‘சிக்னல்’ வந்தது. பழைய வாக்கி டாக்கி ஒன்றின் வழியாக இன்றைய அதிகாரியும் கடந்தகாலத்து அதிகாரியும் பேசிக்கொள்கிறார்கள். கற்பனை என்று பார்த்தால் சிறுபிள்ளைத்தனமான சாதனம்தான். ஆனால் அது எழுப்பும் கேள்வி கடுமையானது: முடிந்துபோனது என்று சட்டம் மூடிவைத்த ஒரு துயரத்துக்கு இன்று யார் பொறுப்பு? ஹ்வாசோங்கை நினைவூட்டும் அத்தியாயங்களில், எதிர்காலத்திலிருந்து வந்த தகவலை நம்பி ஒருவரைப் பிடிக்கிறார்கள். குற்றமற்ற அவர் விசாரணையிலேயே இறந்துபோகிறார். நல்ல எண்ணம் கொண்ட போலீஸ்காரரின் அவசரமே உயிரைக் குடிக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019இல், மரபணுச் சோதனை உண்மைக் கொலையாளியை அடையாளம் காட்டியது. வேறொரு கொலைக்காக அவர் 1990களிலிருந்தே சிறையில் இருந்தார். 2020 டிசம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அந்தப் பழைய இளைஞரை நிரபராதி என்று அறிவித்தது. இளமை போய்விட்டிருந்தது.

‘சிக்னல்’ தொடரின் பாரத்தைத் தாங்குகிறவர் கிம் ஹே-சூ. எதற்கெடுத்தாலும் தடுமாறும் புதுப் பெண் காவலராகவும், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இறுகிப்போன குழுத்தலைவியாகவும் அவரே நடிக்கிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண், காணாமல்போன தன் மூத்த அதிகாரியைத் தேடி, அடையாளம் தெரியாத எலும்புக்கூடு எங்கே கிடைத்தாலும் போய்ப் பார்க்கிறார். அது அவர் இல்லை என்று தெரியும்போது முகத்தில் ஆறுதலும் ஏமாற்றமும் சேர்ந்தே வருகின்றன. எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காத்திருப்பது எத்தகைய தண்டனை என்பதை அந்த முகம் சொல்லிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் கொரிய பேக்சாங் கலை விருது அவருக்குக் கிடைத்தது முற்றிலும் நியாயம்.

அடுத்த ஆண்டு வந்த ‘ரகசியக் காடு’ இன்னும் ஒரு படி போனது. ஜனாதிபதி பார்க் ஜியூன்-ஹே ஊழல் வழக்கில் பதவி பறிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. லீ சூ-யோன் எழுதிய இத்தொடரின் நாயகன், மூளை அறுவை சிகிச்சையால் உணர்ச்சி மங்கிப்போன அரசு வழக்கறிஞர். சோ சூங்-வூ மேடை இசைநாடகங்களில் பெருங்குரலெடுத்துப் புகழ்பெற்றவர். இங்கே எல்லாவற்றையும் அடக்கி, கண்ணிமையின் சிறு தாமதத்தில் நடிக்கிறார். உறவுக்கும் விருந்துக்கும் நன்றிக்கடனுக்கும் கட்டுப்பட்ட அலுவலகத்தில், எதற்கும் அசையாத ஒருவரால்தான் நேர்மையாக இருக்க முடிகிறது என்பது எவ்வளவு கசப்பான குற்றச்சாட்டு! தொடரின் முடிவில் யூ ஜே-மியுங் நடிக்கும் மேலதிகாரி, ஊழலை அம்பலப்படுத்துவதற்காகத் தானே குற்றத்தைத் திட்டமிட்டவர் என்று தெரியவருகிறது. அவர் காரணம் உன்னதமானது. அவர் இறப்பு உருக்கமானது. ஆனாலும் நாயகன் அவரைத் தியாகியாக ஏற்க மறுக்கிறார். நோக்கம் நல்லது என்பதால் கொலை சுத்தமாகிவிடாது என்பதில் தொடர் அசையவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கொரியத் தொடர்கள் பழிவாங்கலைத்தானே கொண்டாடுகின்றன, இதில் அறம் எங்கே என்று கேட்பார்கள். 2021இல் தொடங்கிய ‘டாக்சி டிரைவர்’ போன்றவற்றுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும் என்பது என் கருத்து. நீதிமன்றம் கைவிட்டவர்களுக்காகத் தனியார் கும்பல் தண்டிக்கிறது, நாம் கைதட்டுகிறோம். அது பழைய மாசற்ற நாயகனை வேறு உடையில் திரும்ப அழைப்பதுதான். ஆனால் வகையின் சிறந்த படைப்புகள் அப்படி இல்லை. 2012இன் ‘துரத்துபவர்’ தொடரில் மகளை இழந்த போலீஸ்காரராகச் சன் ஹியுன்-ஜூ துப்பாக்கியோடு நீதிமன்றத்துக்குள் நுழைகிறார். நம் அனுதாபம் முழுக்க அவர் பக்கம். உண்மை வென்ற பிறகும் தொடர் அவரைச் சிறைக்கு அனுப்புகிறது. 2021இன் ‘அசுரன்’ தொடரில் ஷின் ஹா-க்யுன் நடிக்கும் அதிகாரி, கொலையாளியைப் பிடிக்கும் ஆவேசத்தில் தடயத்தை இடம்மாற்றியவர். எல்லாம் முடிந்ததும் யோ ஜின்-கூ நடிக்கும் இளைய அதிகாரியிடம், தன்னைக் கைது செய்யும்படி அவரே வற்புறுத்துகிறார். அதுவரை பயமுறுத்திக்கொண்டிருந்த அவருடைய விசித்திரச் சிரிப்பு அங்கே சாந்தமாகிறது.

நெட்ஃபிளிக்ஸ் பணமும் உலகச் சந்தையும்தான் இந்த இருளைக் கொண்டுவந்தன என்பது இன்னொரு வாதம். ஆண்டுகளே அதற்குப் பதில்: அந்நிறுவனம் கொரியாவுக்குள் வந்தது 2016இல், ‘மணற்கடிகாரம்’ அதற்கு இருபது ஆண்டுகள் மூத்தது. நெட்ஃபிளிக்ஸ் தயாரித்த ‘தி குளோரி’ கூட உள்ளூர்க் காயத்திலிருந்து எழுந்ததுதான். பள்ளி வன்முறைக்குப் பழிதீர்க்கும் பெண்ணாகச் சாங் ஹே-கியோ நடித்த அத்தொடர் பேசப்பட்ட 2023ஆம் ஆண்டில், மகனின் பள்ளி வன்முறை அம்பலமானதால் தேசியப் புலனாய்வுத் துறைக்கு அறிவிக்கப்பட்ட தலைவரின் நியமனம் மறுநாளே ரத்தானது. தொடரின் இயக்குநரும் தம் மாணவப் பருவத்து வன்முறைக்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

எனக்கு எளிதில் பதில் கிடைக்காத மறுப்பு ஒன்று உண்டு. செத்துப்போன பெண்களின் துயரத்தை எடுத்து வார இறுதிப் பொழுதுபோக்காக்குவது சரியா? கொலையாளியின் திறமையில் மயங்கி, கொல்லப்பட்டவரை ஒரு புகைப்படமாகச் சுருக்கிவிடும் தொடர்கள் கொரியாவிலும் நிறைய உள்ளன. அவற்றுக்காக வாதாட நான் வரவில்லை. கேமரா யார் வீட்டில் அதிக நேரம் தங்குகிறது என்பதே நான் வைக்கும் அளவுகோல். ‘அசுரன்’ தொடர், மகளும் தாயும் தங்கையும் திரும்பாத வீடுகளிலேயே பெரும்பகுதி குடியிருக்கிறது. அதன் கடைசி நிமிடங்களில், காணாமல்போகும் பெரியவர்களை வீட்டைவிட்டு ஓடியவர்களாகக் கணக்கெழுதிவிடுவதைச் சுட்டி, சிறு துப்புத் தெரிந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்று பார்வையாளரிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.