ஒற்றை வாத்தும் மந்தை மருத்துவமும்

பெங்களூரு விவேக் நகருக்கு அருகே, ஆடுகோடியில், 1923ஆம் ஆண்டு இம்பீரியல் கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1927இல் காந்தி அங்குச் சென்று பசு வளர்ப்பின் நுட்பங்களைக் கேட்டறிந்தார். 1955இல் தலைமையகம் கர்னாலுக்கு மாறியபின், ஆடுகோடி வளாகம் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாயிற்று. நகரின் வடக்கே ஹெப்பாளில் 1920களில் சீரம் நிறுவனமும் 1958இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எழுந்தன. வடமேற்கே ஹெசரகட்டாவில் மத்திய அரசின் வாத்து இனப்பெருக்கப் பண்ணையே அமைந்தது. இத்தனை நிறுவனங்கள் சூழ்ந்த நகரில், விவேக் நகர் போன்றதொரு நெருக்கமான குடியிருப்பில் வளரும் வாத்து ஒன்றின் கால் முறிந்தால், அதைத் தேற்றும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டின் மேலேயே விழுகிறது. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பது வரலாற்றுக் கேள்வி.

காலனிய அரசின் விலங்கு மருத்துவம் இரண்டு தேவைகளிலிருந்து பிறந்தது. ஒன்று, குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் வேண்டிய குதிரைகள். மற்றொன்று, உழவையும் அதன்வழி நிலவரியையும் தாங்கிய மாடுகள். மாட்டுக் கொள்ளைநோய்கள் குறித்து ஆராய்ந்த ஆணையம் 1871இல் அறிக்கை அளித்தது. 1903இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1932இல் இராணிப்பேட்டை நிறுவனமும் தோன்றியதை இதன் தொடர்ச்சியாகவே காணவேண்டும். நோயுற்ற ஒரு விலங்கைத் தேற்றுவதைவிட, நோய் பரவாமல் மந்தையைக் காப்பதே இவற்றின் முதன்மைப் பணியாக இருந்தது.

பறவைகள் இவ்வமைப்புக்குள் பின்னர் நுழைந்தபோது, அவையும் மந்தையாகவே நுழைந்தன. வாத்துக்கு இது இயல்பாகப் பொருந்தியது. தமிழகத்தில் ஆரணி, கீரி, சன்யாசி எனப் பெயர்பெற்ற நாட்டு வாத்துகள், அறுவடை முடிந்த நெல்வயல்களில் ஊர் ஊராக ஓட்டிச் செல்லப்பட்டு மேய்ந்தவை. கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் தொழிலில், நொண்டும் பறவைக்காக நின்று காத்திருக்க இயலாது. 1923இல் நெதர்லாந்தில் முதலில் விவரிக்கப்பட்ட வாத்துக் கொள்ளைநோய் 1960களில் இந்தியாவிலும் உறுதிசெய்யப்பட்டது. அதற்கான தடுப்பூசியை இராணிப்பேட்டை நிறுவனம் தயாரிக்கிறது. ஒரு குப்பியில் பல பறவைகளுக்குரிய மருந்து அடங்கியிருக்கும். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரே ஒரு வாத்து வளர்க்கும் வீடு அக்குப்பியின் கணக்கில் இல்லை.

தனி உயிரின் மதிப்பைப் பேசிய பழைய மரபு ஒன்றும் உண்டு. அசோகரின் இரண்டாம் பெரும்பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குக்குமாக இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதைக் கூறுகிறது. அந்த ஏற்பாடு சென்றடைந்த எல்லைப்புற நாடுகளில் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் பெயர்சொல்லிச் சுட்டப்படுகின்றனர். ஆயினும் அங்கு ஆளப்படும் சொல் ‘பசு’ என்பதாகும். அது முதன்மையாக வளர்ப்புக் கால்நடையைக் குறிப்பது. பறவைகள் இடம்பெறுவது வேறொரு சாசனத்தில். ஐந்தாம் தூண் சாசனம் கொல்லக்கூடாத உயிர்களைப் பட்டியலிடும்போது அன்னத்தையும் சக்கரவாகத்தையும் சேர்க்கிறது. இவ்விரு சாசனங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். கால்நடைக்குக் கிடைத்தது மருத்துவம். நீர்ப்பறவைக்குக் கிடைத்தது கொல்லாமை. கொல்லாமல் விடுவதும் காயத்தை ஆற்றுவதும் ஒன்றல்ல. முன்னதற்கு மனம் போதும். பின்னதற்கு அறிவும் பொருளும் நேரமும் வேண்டும்.

இவ்விரண்டையும் பறவைக்காக இணைத்த நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்கது, 1929இல் தில்லியில் சமணர்கள் தொடங்கிய அறப் பறவை மருத்துவமனை. சட்டத்தில் அந்த இணைப்பு 1960இல் நிகழ்ந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எல்லா உயிரையும் ‘விலங்கு’ என வரையறுத்தது. தம் பொறுப்பிலுள்ள விலங்கின் நலனுக்கு இயன்ற நடவடிக்கை எடுப்பதை அதன் மூன்றாம் பிரிவு கடமையாக்கியது. வீட்டு வாத்தும் இதனுள் அடங்கும். கடமை சட்டத்தில் எழுதப்பட்டது. அதை நிறைவேற்றும் அறிவோ வீட்டாரே தேடிக்கொள்ள வேண்டியதாக இருந்தது.

அந்த அறிவு எளிதன்று. வாத்தின் கால்கள் உடலின் எடைக்கு மெலிந்தவை. காலையோ இறகையோ பிடித்துத் தூக்கினால் முறியக்கூடும். பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பு விரிந்து சுருங்குவதால்தான் அது மூச்சுவிடுகிறது. அன்பின் மிகுதியால் துணியை இறுகச் சுற்றினால் மூச்சே நின்றுவிடும். நகர வீட்டின் சிமெண்டுத் தரையும் கல்தரையும் பாதத்தில் புண்ணை உண்டாக்குகின்றன. வைக்கோலோ தடித்த துணியோ விரித்தாக வேண்டும். கோழித் தீவனம் மட்டுமே தின்னும் வாத்துக்குஞ்சு, நியாசின் குறைவால் கால் வளைந்து நொண்டலாம். அந்நொண்டலை அடிபட்டதாகத் தவறாக எண்ணுவோர் உண்டு. புண் ஆறும்வரை நீந்தவிடலாகாது. ஆனால் மூக்கையும் கண்ணையும் நனைத்துக் கழுவும் ஆழத்துக்கேனும் தண்ணீர் வைக்கவேண்டும். மேய்ச்சல் கூட்டத்தின் அனுபவத்திலும் மருத்துவக் கல்லூரியின் பாடத்திலும் சிதறிக் கிடந்த இச்செய்திகளை வீடுதான் ஒன்றுசேர்த்தது.

இருபத்தோராம் நூற்றாண்டில் இவ்வீட்டுப் பணி புதியதொரு சிக்கலைச் சந்தித்தது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது. தொற்று, தொற்றுநோய்த் தடுப்பு குறித்த 2009ஆம் ஆண்டின் விலங்குச் சட்டம், நோய் அறிகுறியைத் தெரிவிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியது. நோயுற்றவற்றை அழிக்கும் அதிகாரத்தையும் அளித்தது. 2012 அக்டோபரில் ஹெசரகட்டா அரசுப் பண்ணையின் வான்கோழிகளிடையே அந்நோய் தோன்றியபோது, வாத்துகள் உள்ளிட்ட பிற பறவைகளும் அழிக்கப்பட்டன. வாத்தினத்தைப் பெருக்குவதற்கென எழுந்த இடத்திலேயே அவ்வாறு நிகழ்ந்தது. அந்நடவடிக்கைக்கு நியாயமான காரணம் உண்டு. வாத்து வெளித்தோற்றத்தில் நலமாக இருந்தபடியே அக்கிருமியைச் சுமக்கவல்லது. மனித உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆக, நொண்டும் வாத்தை மடியில் ஏந்தும் வீட்டார் இரண்டு சட்டங்களுக்கு நடுவே நிற்கின்றனர். 1960இன் சட்டம் அதைப் பேணச் சொல்கிறது; 2009இன் சட்டம் அதை ஐயத்துடன் நோக்கச் சொல்கிறது. நாய் கடித்த காலுக்கும், கழுத்து திருகித் தள்ளாடும் நடைக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது வீட்டு மருத்துவத்தின் முதல் பாடமாகிவிட்டது. முன்னதற்குக் கட்டும் ஓய்வும். பின்னதற்குத் தனிமைப்படுத்தலும் உடனடித் தகவலும்.

விலங்கு மருத்துவ வரலாற்றை எழுதுவோர் நிறுவன ஆவணங்களையே பெரிதும் நம்பியுள்ளனர். அவ்வாவணங்களில் மாடு தலையாகவும் கோழி ஆயிரமாகவும் எண்ணப்படுகிறது. அழிக்கப்பட்ட பறவைக்கு இழப்பீட்டுக் கணக்கும் உண்டு. தேற்றப்பட்ட பறவைக்குக் கணக்கில்லை. அட்டைப்பெட்டியில் வைக்கோல் விரித்து, சில வாரங்கள் கண்விழித்து, ஒரு வாத்தை மீண்டும் நடக்கவைத்த வீடுகளின் பணி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கொல்லாமையிலிருந்து மருத்துவத்துக்கு உள்ள தொலைவைப் பறவை விஷயத்தில் பெரும்பாலும் கடந்தவை அவ்வீடுகளே. அவர்களிடமிருந்து வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது ஆடுகோடி, ஹெப்பாள் ஆவணங்களைப் படிப்பதற்கு இணையான ஆய்வுப்பணி.