கேசட் பெட்டியில் ஒட்டியிருந்த விலை

போன வாரம் பரணில் இருந்து மாமாவின் கேசட் மூட்டையை இறக்கினேன். கிளியனூரில் இருந்து பஸ் ஏறிப் போய் அவர் வாங்கி வந்த 90களின் படப்பாட்டு கேசட்டுகள். பாதிப் பெட்டிகளின் மேல் கடைக்காரர் ஒட்டிய விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் பேப்பர் மட்டும் கையோடு வருகிறது, பசை கறுத்த பிசுக்காக அங்கேயே நிற்கிறது. யார்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று எரிச்சலில் தேடப்போய், நல்ல கதை ஒன்று கிடைத்தது நண்பர்களே!

1935-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டான்டன் ஏவரி என்பவர், தண்ணீர் தொடாமல் அழுத்தினாலே ஒட்டும் லேபிளைத் தயாரிக்க ஒரு இயந்திரம் செய்தார். வாஷிங் மெஷின் மோட்டார், தையல் மெஷின் பாகங்கள் எல்லாம் சேர்த்துச் செய்தது. முதலீடு, அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண் கொடுத்த 100 டாலர். கம்பெனிக்கு வைத்த பெயர் 'கம் கிளீன்'. அதாவது, "சுத்தமா வந்துடும்"! என் பெட்டியைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ :)

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகம் செய்தது 1963-ல். நம் ஊரில் அதுவரை பாட்டு என்றால் எச்.எம்.வி. இசைத்தட்டுதான். 80களில் கேசட் மலிவாகி டீக்கடை வரை வந்தது. கூடவே திருட்டுப் பதிவும் வந்தது. அதனால்தான் 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, வெளியான ஆண்டு எல்லாம் உறையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆக, அந்த உறை வெறும் படம் போட்ட அட்டை இல்லை, ஒரு ஆவணம்.

சரி, பசையை எடுப்பது எப்படி? முதலில் உள்ளிருக்கும் அச்சிட்ட அட்டையையும் கேசட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு பசை மேல் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். ஊறிய பசையைத் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அவசரப்பட்டு நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டு ஒரு பெட்டியை நான் வெள்ளையாக்கிவிட்டேன். பெட்டி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், அதில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். இசைத்தட்டின் அட்டை உறைக்கு எண்ணெய் ஆகாது, கறை ஊறிவிடும். தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி மெதுவாக உரிக்க வேண்டும்.

இப்படி ஒரு பெட்டியில் ஸ்டிக்கரை உரித்தபோது அடியில் அச்சிட்ட விலை தெரிந்தது. அச்சில் 28 ரூபாய். ஸ்டிக்கரில் 32!

பி.காம் மாணவனுக்கு இது போதாதா? பொட்டலப் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது என்பது 1977-ன் விதிகளிலேயே இருந்தது. 2011-ல் வந்த விதிகள் இன்னும் தெளிவு: விலையைக் குறைக்க மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

மாமாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். சிரித்தார். "அப்பவே தெரியும்டா. வேற கடைக்குப் போனா பஸ் காசே அதைவிட ஆகும்."

சட்டம் இருந்தது, விலையும் அச்சில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு கடைதான் இல்லை. மற்ற பெட்டிகளை எல்லாம் துடைத்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும், இரண்டு விலையும் தெரிகிற மாதிரி பாதி உரித்தபடியே வைத்திருக்கிறேன்.